கே பதினேழு

முதலில் வாங்கியது சீட்டு.
இஞ்சின் கிடையாது, சக்கரம் கிடையாது,
நிறுத்திவைக்க இடம்கூடக் கிடையாது.
இடித்த தியேட்டரைக் கிலோக் கணக்கில்
சிம்மக்கல் ஓரத்தில் கொட்டி வைத்திருந்தான் ராசபாண்டி.
மடக்குச் சீட்டு, சிவப்பு ரெக்சின்,
முதுகில் பித்தளைத் தகடு: கே 17.
உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை.
நூற்று எண்பது ரூபாய்.
"இத வச்சுப் படமா பாக்கப் போற?" என்றாள் தங்கை.

கலெக்டர் ஆபீசில் ஏழு திங்கட்கிழமை
வரிசையில் நின்றிருக்கிறேன், ஒற்றைக் காலில்.
தவமெல்லாம் இல்லை. மற்றது மெலிந்தது.
வண்டி "வரும்மா, வரும்" என்றார்கள்.
வந்தது, மனு வாங்கியதற்கு ரசீது.

பிறகு ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன,
விசேஷ வீட்டுக்கு வருகிற பங்காளிகள் மாதிரி
ஒன்றோடொன்று பேசாமல்.
கறிக்கோழி சுமந்து செத்த டிவிஎஸ், முகமும் இஞ்சினும் மட்டும்;
கழுவக் கழுவ இறகு வந்தது.
ஆட்டோவின் பின்சக்கரம் இரண்டு,
இரண்டும் வேறு வேறு ஆட்டோ.
மினிபஸ் ஹாரன் ஒன்று. அடித்தால்
தெருவே படியில் தொற்றப் பார்க்கும்.
சட்டத்துக்கு, தேர்தல் முடிந்து கழற்றிய பேனர் பைப்பு.

நான் ஜாக்கெட் தைக்கிறவள்.
காக்கித்தாளில்தான் வண்டியை வரைந்தேன்,
முன்பக்கம், பின்பக்கம், இடுப்புச் சுற்று,
சேருமிடத்தில் கால் இஞ்ச் கூட விட்டு.
மைதீன்பிச்சை வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார்:
"தொவச்சாச் சுருங்குறதுக்கு இது என்ன காட்டனா?"
அவர் இஷ்டத்துக்கு வெட்டி, ராத்திரி பற்றவைத்தார்.
ஆறிய பிறகு காலையில் அளந்தோம்.
கால் இஞ்ச் இழுத்திருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
டேப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

செயின் இடது சக்கரத்துக்கு மட்டும்தான்.
இரண்டுக்கும் கொடுக்கக் காசு பற்றவில்லை.
இடது தள்ளும், வலது சும்மா கூட வரும்.
என் உடம்பில் வலதுதான் எல்லாம் பார்க்கும்,
இடது கூட வரும்.
ஆக மொத்தம் கணக்கு நேர்.
ஆக்சிலேட்டரைத் திருகினால் வலப்பக்கம் இழுக்கிறது,
பலூன்காரனைப் பார்த்த பிள்ளை மாதிரி.
இழுக்கட்டும்.
இருபது வருஷம் கத்திரி பிடித்த கை இது.

வெயிலுக்குக் கூரை, யார் வீட்டதோ, காதணி விழா பிளக்ஸ்.
அவசரத்தில் தலைகீழாய்க் கட்டிவிட்டோம்.
கூலிங்கிளாஸ் போட்ட ஏழு தாய்மாமன்கள்
என் தலைக்கு மேல் தொங்கியபடி
ஊரைக் கைகூப்பி வரவேற்கிறார்கள்.

வைகைக்குள்ளேதான் முதல் ஓட்டம், தண்ணீர் இல்லாத பக்கம்.
நின்றது நான்கு முறை. கழன்றது ஒரு நட்டு.
மணலைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள் தங்கை.
"பொழச்சுக்கும்" என்றார் மைதீன்பிச்சை.
நட்டைச் சொன்னாரா, வண்டியையா, கேட்கவில்லை.

கோரிப்பாளையம் சிக்னலில்
கோட்டைத் தாண்டி ஒன்றரை அடி போய் நின்றுவிட்டேன்.
ஏட்டு வந்தார். சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.
கழுத்தைச் சாய்த்துத் தாய்மாமன்கள் பேரைப் படித்தார்.
"என்ன கம்பெனிம்மா இது?"
"செல்லூர் சார்."
"நம்பர் எங்க?"
முன்னால் தேடினார், பின்னால் தேடினார்,
பித்தளையைப் பார்த்ததும் பேனாவை மூடினார்.
"பின் வரிசையா?"
"கடைசிக்கு மூணாவது சார்."
"நானெல்லாம் எப்பவும் பெஞ்சு டிக்கெட்டு."

அப்புறம்தான் தான் யாரென்று ஞாபகம் வந்து,
"கோட்டுக்குப் பின்னால எடும்மா வண்டிய!"

சார், இதுக்குப் பின்னால போகத் தெரியாது.
இஞ்சின் முன்னால மட்டும்தான் தள்ளும்.
என்னோடு சேர்த்து நூற்று நாற்பது கிலோ,
இறங்கித் தள்ள எனக்கு ஆகாது.

சிவப்பு இன்னும் நாற்பத்தொரு நொடி இருந்தது.
தொப்பியைக் கழற்றி
என் மடியில் வைத்துவிட்டு
ஏட்டு தள்ளினார்.