உடன் வந்தவர்

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அவர்களுக்கு நான் தெரியமாட்டேன்.
கீழ்ப்பாக்கத்தில், மூன்றாவது மாடியில்,
வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலை
நிஜ ஆம்புலன்ஸ்களை அலறவிட்டுக்கொண்டிருக்க,
உள்ளே ஒரு பொம்மையை
நாளைக்கு ஆறு முறை சாகக் கொடுக்கிறேன்.
சம்பளத்துக்கு.

பொருட்பதிவேட்டில் அதன் பெயர் உபகரணம் எண் மூன்று.
மார்பு ஏறி இறங்கும். கண் சிமிட்டும்.
ஊசி போட ரப்பர் நரம்பு உண்டு.
வலி மட்டும் என் வேலை.
மைக்கை அழுத்திச் சொல்வேன்:
"நெஞ்ச அடைக்குது டாக்டர்... எடது கை மரத்துப்போவுது..."
இது வியாசர்பாடி லோடுமேன் குரல்.
போன வாரம் அது மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற கணக்கர்.

இன்றைக்குப் பதினான்காம் கேஸ்.
வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை, பீடி.
மூன்றாம் நிமிடம் ரத்த அழுத்தம் விழும்,
ஐந்தாம் நிமிடம் இதயம் கோணல்மாணலாய்த் துடிக்கும்.
ஷாக் கொடுத்தால் பிழைப்பார்,
தாமதித்தால் நேர்க்கோடு.
எல்லாம் மவுசின் சக்கரத்தில்.

வந்தவர்கள் நாலு பேர்.
மூன்று பேர் மானிட்டரைப் பார்த்தார்கள்.
மார்த்தாண்டத்துப் பையன் ஜெபின்,
முதல் மாத ஹவுஸ் சர்ஜன், ஷூ லேஸ் அவிழ்ந்தபடி,
பொம்மையின் முகத்தருகே குனிந்து கேட்டான்:
"அண்ணே, கூட யாரு வந்திருக்கா?"

ஸ்கிரிப்டைப் புரட்டினேன்.
ஒவ்வாமைக்குப் பதில் இருந்தது.
கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பதற்குக்கூட:
காலையில் ரெண்டு இட்லி, ஒரு டீ.
இதற்கு இல்லை.

மைக்கிலிருந்து விரலை எடுக்கவில்லை போல.
என் மூச்சு
அங்கே அதன் வாயிலிருந்து கேட்டது.
"அண்ணே?"
யாரைச் சொல்ல?
பொண்டாட்டி என்றால் அவள் வெளியே நிற்கவேண்டும்,
ஒரு கையில் அவர் செருப்பு, மறு கையில் ஆதார் அட்டை.
நடிக்க ஆளில்லை.
"யாரும் இல்ல தம்பி. ஷேர் ஆட்டோவுல நானே வந்தேன்."

"சரிண்ணே. நான் நிக்கேன்."
ரப்பர்க் கையைப் பிடித்துக்கொண்டான்.
அந்தக் கையில் உணரி எதுவும் கிடையாது.
எந்தத் திரையிலும் பதிவாகாது.

ஐந்தாம் நிமிடம் ஐந்தேமுக்கால் ஆனது.
நான்தான் இழுத்துப்பிடித்தேன்.
பிறகு விட்டேன்.
"எல்லாரும் விலகுங்க" என்று யாரோ கத்த
கடைசியாகக் கையை விட்டவன் அவன்.

பிழைத்தார்.

விவாதத்தில் பேராசிரியை வசுந்தரா சொன்னார்:
"அழுத்தம் விழுந்ததைக் கவனிக்க நாப்பது செகண்ட் ஆச்சு, ஜெபின்.
அவ்வளவு நேரம் கையப் புடிச்சிருந்தியே,
நாடியாவது பாத்திருக்கலாம்."
எல்லாரும் சிரித்தார்கள். அவனும்.
குனிந்து லேஸைக் கட்டிக்கொண்டான்.

ஆறரைக்கு அறை காலியானபின்
பொம்மையின் கண்ணீர்த் தொட்டியைத் திறந்தேன்.
வறண்டு கிடந்தது, எத்தனை நாளாகவோ.
காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்றவேண்டும்; தீர்ந்துபோயிருந்தது.
கேன் தண்ணீர் ஊற்றினேன்.

கணினியில் பதினான்காம் கேஸைத் திறந்து
இட்லிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்.
உடன் வந்தவர்:
மேலே எழுத வரவில்லை.
காலியாகவே விட்டுச் சேமித்தேன்.
நாளைக்குக் கேட்பவர்களுக்கு
அப்போது ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.
கேட்டால்.