அடிப்பக்கம்

இருபது கொண்டை ஊசி வளைவிலும்
புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டே ஏறினேன்.
பதினான்காவதில் இறங்கி வாந்தி எடுத்தது
நானல்ல, டிரைவர் தங்கவடிவேல்.

மஞ்சக்குட்டை சமுதாயக் கூடம்.
பந்தல்காரர் கொடுத்த வெள்ளைத் துணியில்
போன வாரக் கல்யாணத்துச் சாம்பார்க் கறை.
படத்தில் வானம் வரும்போதெல்லாம்
ஒரே இடத்தில் நின்றது அந்த மேகம்.

படம் ஒரு தாவரவியல்காரியைப் பற்றி.
நடந்த கதையைத் தழுவியது என்று எழுத்து ஓடியது,
படிப்பதற்குள் போய்விட்டது.
அணை வரப்போகும் காட்டுக்குள்
கத்தரியும் பழைய செய்தித்தாளுமாகத் தனியே போகிறாள்.
செடியைப் பிடுங்குவதில்லை.
கேட்டு வாங்குவதுபோல் ஒரு கிளை நறுக்கி
தாளுக்குள் படுக்க வைக்கிறாள்.
பிறகு லத்தீனில் ஒரு பெயர்,
தொட்டிலுக்குள் குனிந்து சொல்கிற குரலில்.

செலவை ஏற்றவர்கள் முன்வரிசையில்.
மலையைச் சுரண்டி பாக்சைட் எடுக்கிற கம்பெனி.
டீ, மிக்சர், ஆளுக்கொரு சில்வர் ஓக் நாற்று
கறுப்புப் பிளாஸ்டிக் பையில்.

விட்டில் ஒன்று லென்ஸில் உட்கார்ந்தது.
அவள் நெற்றி முழுக்கச் சிறகு.
பிள்ளைகள் கைதட்டினார்கள்,
படம் முழுக்க அந்த ஒரு தடவைதான்.

முடிந்ததும் நாற்றுக்கு நெரிசல்.
வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
காப்பித் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் அண்டாயி
மருந்து வாசனை போகாத கையோடு வந்து
"அந்த எல வர்ற எடத்தக் கொஞ்சம்
பின்னாடி ஓட்டுங்க" என்றார்.

ஓட்டினேன். நிறுத்தினேன்.
திரைக்குப் போய் விளிம்பைத் தொட்டார்.
அவர் புறங்கையிலும் நரம்போடு விழுந்தது இலை.

"இது அதில்லீங்க.
அதுக்கு அடிப்பக்கம் மயிரு இருக்கும்,
பூனக்காது மாதிரி.
சினிமாக்காரங்க ஆள மாத்திப் புடிச்சிட்டாங்க."

அது எங்கே இருக்கிறது என்றேன்.

"முந்தாநேத்து வரைக்கும் இங்கதான்,
கூடத்துக்குப் பின்னால.
காரு நிறுத்த ஜல்லி கொட்டுனாங்கல்ல."

செல்போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தோம்.
ஜல்லி. ஜல்லி முடிகிற இடத்தில் எங்கள் ஜீப்,
முன்சக்கரம் மட்டும் மண்ணில்.
தங்கவடிவேல் ஒன்றும் கேட்காமல்
வண்டியை இரண்டு முழம் பின்னால் எடுத்தான்.
தடத்தில் எல்லாப் பச்சையும் ஒன்றாய் நசுங்கியிருந்தது.
அண்டாயி குந்தி உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பனி இறங்கியது. எங்களுக்கு நேரமாகிவிட்டது.

அஸ்தம்பட்டி வந்து பில் எழுதினேன்:
திரையிடல் ஒன்று.
பின்னுக்கு ஓட்டியது இரண்டு,
அதற்குக் காசில்லை.