டாப் லிங்க்

மேல்விஷாரம் பந்தாட்டத் திடல்,
பூட்டிக் கிடக்கும் தோல் ஷெட்டுக்குப் பின்னால்.
ரோட்டிலிருந்து பார்த்தால் பாய் விரித்தது போலிருக்கும்.
டிராக்டரில் ஏறி உட்கார்ந்தால் தெரியும்
உதறாமல் விரித்த பாய் என்று.

மழையில் மணல் லாரி குறுக்கே போன தடம்
காய்ந்து இறுகி இரண்டு வாய்க்கால்.
இடிக்க இடிக்கக் கறையான் திரும்பக் கட்டும் மேடு.
வடக்கு கோல் பக்கம் எதற்கோ கம்பம் நட்டு
அப்புறம் வேண்டாமென்று பிடுங்கிய குழி.
எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அருகம்புல்
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் டீம் வருகிறது.
செக்ரட்டரி இம்தியாஸ் மூன்று தடவை போன்:
"கார்ப்பெட் கணக்கா இருக்கணும் தவமணி."

சனிக்கிழமை. விடிந்தும் காத்திருந்தேன் பனி காய.
ஈரப்புல்லை வெட்டினால் கட்டிகட்டியாய்த் துப்பும்.
வேலூர் வெயிலுக்கு அந்த வேலை ஒரு மணி நேரம்.
ஏழரைக்கு இறக்கினேன்.

மெஷின் பெங்களூரில் ஏதோ கிளப்பில் வளர்ந்தது.
ஐந்தடி அகலம், மூன்று பிளேடு,
நாலு மூலைக்கும் நாலு குட்டிச் சக்கரம்.
தண்ணீர் தெளித்த தரையிலேயே நடந்த கால்.
ஏலத்தில் எடுத்து முனிரத்தினம்
பாலாற்றங்கரைக்குக் கூட்டி வந்துவிட்டார்.
கூழாங்கல் பட்டாலே ஊரைக் கூட்டும்.

முதல் இரண்டு சால் பட்டுப்புடவை பார்டர்.
மூன்றாவதில் கறையான் மேடு.
முன்சக்கரம் ஏறி வண்டி மூக்கு வானம் பார்க்க,
பின்னால் கட்டியது பாவம் என்ன செய்யும்,
அதுவும் அண்ணாந்தது.
வால் போய் மண்ணில் உட்கார்ந்தது.

கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும்:
சர்ரென்று போன சத்தம் கரகரத்தது.
திரும்பினேன், செம்புழுதி.
பெனால்ட்டி பாக்ஸுக்குள்,
முடிவெட்டும்போது பையன் தும்மினால் விழுமே
அப்படி ஒரு மொட்டை.

இம்தியாஸ் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.
திட்டியிருக்கலாம்.

முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப்.
வண்டியை நிறுத்தி, ஷாஃப்ட் அடங்கும்வரை நின்று,
பின்னால் போய்க் குந்தினேன்.

மூன்று இடத்தில் பிடித்திருக்கிறது வண்டி.
கீழ்க்கை இரண்டும் இழுக்கிறது, சரி.
மேலே ஒரு கை, டாப் லிங்க்,
இரும்புத்தடி, மடங்காது.
வண்டி எப்படி நிற்கிறதோ அப்படியே நில்லென்கிறது.
வண்டிக்கு மேடு வரும்போது
மெஷின் இன்னும் பள்ளத்தில் இருக்கிறது.
இது அதற்குத் தெரியாது.

பின்னைத் தட்டிக் கழற்றினேன்.
டிரெய்லர் கதவில் தொங்கிய சங்கிலியை
ஐந்து கண்ணி விட்டு மாட்டினேன்.
தூக்கச் சொல்லோ இழுத்துப் பிடிக்கும்,
இறக்கிவிட்டால் தொளதொளவென்று கிடக்கும்.
"இன்னாது, மாட்டைக் கட்ற மாதிரி?" என்றார் இம்தியாஸ்.
"அவுத்து வுட்ற மாதிரி" என்றேன்.

பிறகு மேடு வந்தது, வண்டி அண்ணாந்தது,
சங்கிலி ஒரு தடவை கிலுங்கியது.
குட்டிச் சக்கரம் நாலும் தரையோடு தரையாய்
தன் மேட்டைத் தானே ஏறித் தானே இறங்கின.
லாரித் தடத்தைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் போனேன்.
கம்பக்குழியிடம் மட்டும் நானே தோற்றுக்கொண்டேன்,
தூக்கிக் கடந்துவிட்டேன்.
அங்கே ஒரு சாண் புல் இன்னும் நிற்கிறது.

மொட்டை மொட்டைதான். இரண்டு மாதமாகும்.
கோடு போட வந்த பையன் சுண்ணாம்பு வாளியோடு நின்று
டேப் பிடித்து அளந்தான், யோசித்தான்,
பெனால்ட்டி புள்ளியை
முக்கால் அடி நகர்த்தி அதன்மேலேயே வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன்.
எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள்.
ஆம்பூர்ப் பையன் ஒருத்தன் அந்தப் புள்ளியில் பந்தை வைத்து
பூட்சால் மண்ணை இரண்டு தடவை தேய்த்தான்.
எனக்கு இடுப்பில் சுருக்கென்றது.

கூலியில் இருநூறு பிடித்தார் இம்தியாஸ்.
சங்கிலியை இன்னும் கழற்றவில்லை.
டிரெய்லர் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.