இரண்டு நாற்பதுக்கு ஊதிய சங்கு

அறிக்கைத் தாளில் மூன்று கோடுகள்தான் விட்டிருக்கிறார்கள்
'நடந்தது என்ன' என்பதற்கு.

பதினேழாம் திகதி, விடியப்புறம் இரண்டு நாற்பது.
ஸ்டோர்ச் சங்கு ஊதியது. ஒன்றரை நிமிடம்.
மஸ்கெலியாப் பக்கம் மின்னியது, இங்கே மழை இல்லை.
இதுவரைக்கும் யாருக்கும் சண்டையில்லை.

ஒன்பதாம் நம்பர் லயத்தில் பவளக்கொடி
மூன்று பிள்ளைகளையும் கம்பளியோடு வாரிக்கொண்டு
கோயில் மேட்டுக்கு ஓடிவிட்டாள்.
மண் சரிந்த வருசம் அவளுக்குப் பதினொரு வயது.
அன்றைக்கு யாரும் சங்கு ஊதவில்லை.

அதே சுவருக்கு இந்தப் பக்கம்
அந்தோனிமுத்து விளக்கை அணைத்திருக்கிறார்.
அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.
"வாறாங்க."
யார் என்று நான் கேட்கவில்லை.
எண்பத்து மூன்றில் அவருக்கு இருபது வயது.

துஷ்யந்தினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை:
"நான் எழும்பி ரொட்டி சுட்டுட்டேன் சேர்.
பத்து ரொட்டி. சுட்டு முடிச்சும் விடியல்ல.
அப்பத்தான் மணியப் பார்த்தேன்."

சம்பளப் பேச்சு நடக்கிற நேரம், என்கிறார் துரை,
ஆள் சேர்க்கத்தான் ஊதியிருக்கிறார்கள்.
பெயர்கள் எழுத மட்டும்
தனித் தாள் தந்திருக்கிறார். முழுத் தாள்.

வோச்சர் விக்ரமபால பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார்:
சுவிட்சுக்குக் கிட்ட ஒருவரும் போகவில்லை.
கரண்ட்காரர் வந்து மூடியைக் கழற்றினார்.
உள்ளே ஒரு பல்லி, கருகிப்போய்.

பல்லியோடு எல்லாம் முடியும் என்று நினைத்தேன்.
"பாவம், நம்மள எழுப்பத்தான் செத்திருக்கு"
என்று பவளக்கொடி அதைத் தேயிலைத் தூரில் புதைத்தாள்.
துரை கேட்டார்:
"பல்லியை உள்ளே போட்டது யார்?"
அந்தோனிமுத்து எதுவும் சொல்லவில்லை.
மூட்டை இன்னும் கதவடியில்தான் இருக்கிறது.

நானும் கேட்டேன்தான்.
பிடிபட்டுவிட்டேன் என்று எழும்பி உட்கார்ந்தேன்,
கை தராசுப் புத்தகத்தைத் தேடியது.
இருட்டில், ஒரு கூடைக்கு இரண்டு கிலோ வீதம்
கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான்
சங்கு நின்றது.

'சங்கு ஊதியது. காரணம் பல்லி.'
இரண்டு கோடு போதுமாக இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு ஊதியது, பெரட்டுக்கு.
கூடைகளோடு எல்லோரும் ஒரே பாதையில் இறங்கினார்கள்.
ஒரே சத்தம் என்றுதான்
இருபத்தாறு வருசமாக நினைத்திருந்தேன்.