பக்க ஓரத்தில் நவரை

குளச்சல் கிளை நூலகத்தில்
மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில்
'பிறமொழி' என்று சாக்பீஸால் எழுதிய தட்டு.
அட்டையில் படகு இருந்ததால் எடுத்தேன்.
படகு என்றால் நம்ம சங்கதிதானே.
திறந்தால்
வாயில் நுழையாத தீவு,
வாயில் நுழையாத ஒருத்தியின் பேர்.
முப்பது பக்கம் அவளை
'அவ' என்றே வாசித்தேன்.

ஐஸ் கம்பெனியில் பில் எழுதுகிறேன்.
விசைப்படகுக்கு இத்தனை கட்டி,
வள்ளத்துக்கு இத்தனை கூடை.
அம்மோனியா வாடைக்கும்
ஐஸ் அரைக்கும் இரைச்சலுக்கும் நடுவில்
மேசை டிராயரைப் பாதி இழுத்து வைத்துப்
படிப்பது பழக்கம்.

முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது:
மூலத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ்.
கரையில் ஏலம் போய்
வியாபாரி கை, வண்டிக்காரன் கை என்று மாறி
வாசலுக்கு வரும் மீன்போல.
அப்படி வரும் மீனை நாங்கள்
கண்ணைப் பார்த்து நம்புவதில்லை,
செவுளைத் தூக்கிப் பார்ப்போம்.
தூக்கிப் பார்த்தேன்.
கணவனோடு சண்டை போட்ட ராத்திரி
சட்டியை இறக்க மறந்து
கரிந்த வாடைக்கு
இரண்டுபேரும் சிரித்துவிடுகிறார்கள்.
சிவப்பாகத்தான் இருந்தது.

ஆனால் நாற்பத்தேழாம் பக்கத்தில்
அவள் சந்தையில் வாங்குவது
'ஒருவகைக் கடல்மீன்'.
ஒருவகையா?
தாடைக்குக் கீழே இரண்டு மீசை,
செம்பு நிறம், ஒரு சாண் நீளம்
என்றெல்லாம் எழுதத் தெரிந்தவருக்குப்
பேர் கேட்க ஒரு கடற்கரை கிடைக்கவில்லையா?

ஐஸ் ஏற்ற வந்த ததேயுஸுக்கு வாசித்துக் காட்டினேன்.
ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு,
புத்தகத்தைத் தொடாமலே சொன்னான்:
"நவரையாக்கும் அது.
மீசையால மண்ணக் கிளறித் திங்கும்.
இவ எந்த ஊருக்காரி?"
சொன்னேன்.
"அங்கயும் நவரை உண்டா?"
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான்,
சொக்காரனுக்கு வெளிநாட்டில்
வேலை கிடைத்த சேதி கேட்டவன் மாதிரி.
பிறகு ஒரு கூடை குறைகிறதென்று
சண்டைக்கு வந்தான்.

பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: நவரை.
நூலகப் புத்தகம், எழுதக்கூடாது, தெரியும்.

அதற்குப் பிறகு அந்தத் தட்டை விடவில்லை.
தொலைந்த கழுதையைத் தபால்காரன் தேடும் நாவல்;
கழுதை கிடைத்தபோது
தபாலை எங்கே வைத்தானென்று மறந்திருந்தான்.
இன்னொன்றில் எல்லாவற்றுக்கும் பனி என்றே போட்டிருந்தது.
புல்நுனியில் இருப்பதும் பனி,
கூரையை உடைப்பதும் பனி.
மார்கழிக்குத் தலையில் துண்டு கட்டுகிற ஊரில்
கூரை எப்படி உடையும் என்று விளங்கவேயில்லை,
ஒருநாள் கட்டி ஒன்று சறுக்கி
அருளப்பனின் கால்விரலை நசுக்கும் வரை.

தடைக்காலத்தில்
பில் புத்தகம் சும்மா கிடந்தபோது
தீவுக்காரியை மறுபடி எடுத்து வந்தேன்.
என் நவரைக்குக் கீழே
பச்சை மையில் வேறொரு கை:
'சரி. ஆனால் புளி கூடாது. நல்லமிளகு போதும்.'
நூற்றுப் பன்னிரண்டில்,
தீவின் காற்று ஆளைத் தூக்கும் என்ற இடத்தில்,
நீல மை:
'ஆரல்வாய்மொழிக்கு வந்து பாரும் ஓய்.'

மகனைக் கொண்டுபோன கப்பல்
திரும்பியதா இல்லையா
என்று சொல்லாமல் முடிகிறது கதை.
கடைசிப் பக்கத்தின் வெள்ளையில்
பச்சை மை என்னமோ எழுதி
தாள் நைந்துபோக அடித்திருந்தது.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
தேதி மட்டும் தப்பியிருந்தது: நவம்பர் முப்பது.
இந்தக் கரையில்
அந்தத் தேதிக்கு அடிக்குறிப்பு வேண்டாம்.

சுயம்புலிங்கம் சாரிடம் பதிவேட்டைக் கேட்டால்
யாரென்று தெரிந்துவிடும்.
கேட்கவில்லை.
அன்றைக்கு வள்ளத்தில் கொஞ்சம் நவரை வந்தது.
புளி விடாமல்
நல்லமிளகு மட்டும் அரைத்து வைத்தேன்.
பச்சை மை சொன்னது சரிதான்.