ஒன்பது எம்.எம்.

மூன்றாம் முறை விழுந்தது கெடிலம் பாலத்தில்.
முதல் முறை தேவனாம்பட்டினம் திருப்பத்தில்.
இரண்டாவது எங்கே விழுந்ததென்று எனக்கே தெரியாது,
கம்மியம்பேட்டை டீக்கடைக்காரர் எடுத்து
பால் கேனில் சாய்த்து வைத்திருந்தார்
முப்பத்தொன்று மட்டும் வெளியே தெரிய.

ஸ்க்ரூ ஏறும், பிடிக்காது.
ஆம்னியின் பின்கதவில் ஓட்டை வாய் பிளந்துவிட்டது.
தீக்குச்சி செருகினேன்,
சைக்கிள் டியூப் வெட்டிச் செருகினேன்,
கட்டுக்கம்பி முறுக்கினேன்.
கம்பியைத் தின்ன இந்த ஊர் உப்புக்காற்றுக்கு
ஒரு மழைக்காலம் முழுசாக வேண்டாம்,
ஐப்பசி போதும்.

உள்ளே பதினோரு பிள்ளைகள்
(பதினொன்று என்று வெளியே சொல்வதில்லை).
"அக்கா, நம்பர் வுழுந்துடுச்சு!"
இறங்கி எடுத்து வந்தேன்.
ஒன்றாம் வகுப்பு ஃபர்ஹீன் அதை மடியில் வாங்கிக்கொண்டாள்,
கொஞ்ச தூரம் போனதும்
பின்கண்ணாடியில் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

மஞ்சக்குப்பம் சிக்னலில் போலீஸ்காரர்
எண்ணைப் பார்த்தார்,
எண்ணுக்கு மேலே இரண்டு கண்களைப் பார்த்தார்.
பலகை தலைகீழாக இருந்தது.
சிரித்தார்.
சிரித்துக்கொண்டே ஐந்நூறு எழுதினார்.

லாரன்ஸ் ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன்.
போல்ட் நட் போட்டுட்டுப் போங்களேன் என்றார்கள்.
நட்டை யார் பிடிப்பது?
கதவு இரட்டைத் தகரம், நடுவில் இருட்டு,
அந்தப் பக்கம் கை நுழையாது.
ஐந்தாவது கடைக்காரர் பேசாமல் ஏணியில் ஏறி
மேலேயிருந்து கேட்டார்: "ரிவெட் நட்டா?"
துருப்பிடிக்காததாக ஆறு உருப்படி.
உள்ளே மரை, மேலே மெல்லிய விளிம்பு,
தொப்பி போட்ட குட்டிக் குழாய்.

ஞாயிற்றுக்கிழமை.
கிரில் பட்டறை அஞ்சாப்புலி டிரில் கொடுத்தார்,
பிட் உடைந்தால் புது பிட் என்ற பேச்சில்.
ஓட்டை பெரிதானதுதான் வியாதி.
மருந்து, அதை இன்னும் பெரிதாக்குவது.
ஒன்பது எம்.எம். பிட்டை வைத்ததும் கை நின்றுவிட்டது.
இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிற கதவு.

துளைத்தேன்.
தகரச் சுருள் சூடாகச் செருப்பில் விழுந்தது.
விளிம்பை உருண்டை அரத்தால் தேய்த்து
ரெட் ஆக்சைடு தொட்டுக் காயவிட்டேன்.

இதற்கென்று கருவி இருக்கிறது, மூவாயிரம்.
என்னிடம் இருந்தது ஒரு போல்ட், ஒரு பெரிய நட்,
இரண்டு வாஷர், இரண்டு ஸ்பேனர்.
ஒரு ஸ்பேனர் அசையக் கூடாது, மற்றது திருகும்.
திருகத் திருக
உள்ளே குழாய் இடுப்பு மடங்கி உட்கார்ந்து
தகரத்தைப் பின்னாலிருந்து கவ்வும்.
பார்க்க முடியாது. மணிக்கட்டுக்குத்தான் தெரியும்:
இளக்கம், இறுக்கம்,
பிறகு சுவரில் முட்டினாற்போல ஒரு நிறுத்தம்.
அங்கே விட்டுவிட வேண்டும்.

முதலாவதில் நான் விடவில்லை.
ஆசை. இன்னும் கால் சுற்று.
மரை உருவிக்கொண்டு
மொத்தமும் துளைக்குள் பம்பரமாய்ச் சுற்றியது.
அரைமணி நேரம் போராடித் துளைத்தெடுத்தேன்.
அதன் வால் துண்டு கதவுக்குள் விழுந்துவிட்டது,
இனி பிரேக் போடும்போதெல்லாம் உருளும்.
உருளட்டும்.

அதே துளையில் அடுத்தது.
முட்டியது. விட்டேன்.
பக்கத்துத் துளையிலும் முட்டியது. விட்டேன்.
பலகைக்குப் பின்னால் ரப்பர், போல்ட்டில் துளி கிரீஸ்.
கடைசிச் சுற்றில்
கதவே கொஞ்சம் என் பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது.

திங்கள் காலை ஃபர்ஹீன் வண்டியில் ஏறாமல் பின்னால் போனாள்.
பலகையைப் பிடித்து இழுத்தாள்.
காலை ஊன்றி இழுத்தாள்.
"இனிமே நான் எதைப் புடிச்சிக்கிறது?"

பதில் தோன்றவில்லை.
மீந்த மூன்றில் ஒன்றை அவள் கையில் வைத்தேன்.
வழியெல்லாம் என்னை முறைத்தாள்.
பாலம் வந்ததும் ஒரு கண்ணை மூடி
அதன் துளை வழியே கெடிலத்தைப் பார்த்து,
"அக்கா, தண்ணியே இல்ல" என்றாள்.

முன்னால் பஸ். பிரேக் போட்டேன்.
கதவுக்குள் உருண்டது.