பென்சில் கோடு

மேலே ஏறுவதற்கு யாரும் கூலி தருவதில்லை.
ஆளுக்கு ஓர் அப்பன், ஓர் ஆத்தாள்,
கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடலாம்.
என்னை வைத்திருப்பது
கீழே இறங்குவதற்கு.
தலைக்கு இருநூறு ரூபாய்,
உயிரோடு இருந்தால்.
செத்தவருக்கு அறுபது, சான்று நகலோடு.

கோட்டையூரில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது.
வயி.சோ. கருப்பன் செட்டியார் கட்டியது.
அறுபத்தொன்று ஐப்பசியில் கண்மூடினார்.
உயில் இல்லை. பிள்ளைகள் ஐந்து.
ஐவரின் கால்வழியும் கையெழுத்திட்டால்தான்
வாங்குகிறவர் அட்வான்ஸ் தருவார்.

கோயில் ஏட்டில் ஆண்கள் தெரிகிறார்கள்.
கல்யாணமானால் ஒரு புள்ளி,
துணை போய்விட்டால் அரைப்புள்ளி.
கட்டிக்கொடுத்த பெண்
வேறு கோயிலின் கணக்கில்
யாருடைய புள்ளியிலோ பாதியாய்ப் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.
அவளை எடுக்க
சார்பதிவாளர் அலுவலகத்தில் நாலு நாள்,
வாக்காளர் பட்டியலில் ஒரு மாதம்.
பள்ளத்தூரில் ஒரே தெருவில் மூன்று உமையாள்.
அதில் ஒருத்தி இறந்து ஆறு வருடம்,
பட்டியலில் இன்னும் வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

பேரன் ஒருவன் எண்கணிதம் பார்த்து
அரசிதழில் பெயரோடு ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டான்.
அந்த ஓர் எழுத்து என்னை
திருச்சி வரை இரண்டு முறை அலைய வைத்தது.
ஹூஸ்டனிலிருந்து ஒருத்தி போனில் கேட்டாள்,
கோட்டையூர் எந்த மாவட்டம்?
சொன்னேன். அவளுக்கும் இருநூறு.

நாற்பத்தோரு பேர் ஆயிற்று.
நாற்பத்திரண்டாவது ஆளைத் தேடி
அகதிகள் மறுவாழ்வுப் பதிவேட்டைப் புரட்டும்போது
தேடாத அட்டை ஒன்று கைக்கு வந்தது.
அறுபத்து நான்கு. கப்பல் பெயர் அழிந்திருந்தது.
பெயர் தெய்வானை. வயது இருபத்தெட்டு.
பிறந்த ஊர் மோல்மீன்.
தாய் மா தின்.
தகப்பன் என்ற இடத்தில் முழுப்பெயர் இல்லை,
விலாசம் மட்டும்:
வயி.சோ.கரு.

வக்கீல் சேவுகப்பெருமாள் அட்டையை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இது புள்ளியில் இல்லையே."
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.
"சரி, போடு.
பென்சிலால் போடு."

தெய்வானைக்கு ஒரு மகன், ராஜமாணிக்கம்.
நகராட்சி இறப்புப் பதிவில் கிடைத்தான்.
அவன் மகன் ஜீவரத்தினம், பாகம் எண் நூற்று ஏழு,
வரிசை எண் அறுநூற்றுப் பதினான்கு,
காரைக்குடி, பர்மா காலனி.
பினாங்கு வரை விசாரித்த கோடு
பத்து ரூபாய் டவுன்பஸ்ஸில் முடிந்தது.

தண்ணீர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.
வீட்டின் பெயரைச் சொன்னேன்.
"அங்கே கிணறு வத்தினதிலேருந்து
வாட்ச்மேனுக்கு நான்தானே தண்ணி ஊத்துறேன்.
பின்கட்டுக் கதவு. பச்சை பெயிண்ட்."
ஓஸை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:
"முன்வாசல் எந்தத் தெருவுல இருக்கு?"

பங்கு எவ்வளவு வரும் என்று கேட்கவில்லை.
ஆத்தாளுடைய அம்மா பெயரை
இரண்டு முறை சொல்லச் சொன்னார்.
மா தின். மா தின்.
அப்பாவைப் பெற்றவளுக்கு முன்னால்
ஒருத்தி இருந்திருப்பாள் என்றே
நினைத்துப் பார்த்ததில்லை என்றார்.

ஆதார் நகல் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது,
"வியாழக்கிழமை பொண்ணு பொறந்திருக்குங்க.
அதையும் எழுதிக்கிறீங்களா?"

நீங்க இருக்கும்போது அது வாரிசாகாது,
வாரிசுன்னா என்னன்னா,
என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

"பேர் வச்சாச்சா?"
"இல்லைங்க. பதிவும் பண்ணலை."

லாரி படிக்கட்டில் தாளை விரித்து
அவர் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன்.
நுனியில் எழுத ஒன்றுமில்லை.
பஸ்ஸில் வரும்போதுதான் கவனித்தேன்,
அந்தக் கோடு மட்டும் பேனாவில்.

பில்லில் நாற்பத்து மூன்று தலை போட்டிருக்கிறேன்.
அவளைச் சேர்க்கவில்லை.